பஸ்ஸில் நாலு நிமிஷம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'அட்டவணை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஏரிகள் பக்கம் போகும் தடத்தில் மொத்தம் நாற்பத்தாறு நிறுத்தங்கள். எதற்கும் எதற்கும் நடுவில் எத்தனை நிமிஷம், எந்த வண்டி எங்கே பத்து நிமிஷம் நிற்கும், எது மழைக்காலத்தில் ஓடாது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. ஒரே ஒரு குறை, அந்த நாற்பத்தாறில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனாலும் ஊர்களைப் பற்றி அவளுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. கவுன்டர் கண்ணாடியில் வட்டமாக ஒரு துளை உண்டு. அந்தத் துளைக்கு வருகிற முகங்களை வைத்து முடிவு செய்துகொள்வாள். பதினேழு கேட்பவர்கள் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும், அங்கே ஆஸ்பத்திரி. இருபத்துமூன்று கேட்பவர்கள் கடுகடுவென்று நிற்பார்கள், அங்கே கோர்ட். நாற்பத்திரண்டு கேட்பவர்கள் மட்டும் துளைக்குக் குனிந்து சிரிப்பார்கள். முன்பின் தெரியாத அவளைப் பார்த்து, காரணமே இல்லாமல்.

இந்தக் கோடையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாற்பத்திரண்டாம் நிறுத்தத்துக் கவுன்டர் காலியாகிறது, விருப்பமுள்ளவர்கள் மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் எந்தக் கவுன்டரிலும் எழுதிக் கொடுக்கலாம் என்றது. படித்த நாள் முதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தனை சிரிப்பும் போய்ச் சேருகிற ஊரில் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! வீட்டில் மூச்சு விடவில்லை. பூர்த்தி செய்த விண்ணப்பத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ஃபேமிலி பாஸ் வீணாக் கெடக்குதுங்க, ஒரு வாரம் ஏரிப் பக்கம் சுத்திட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடையைப் பூட்ட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். பதினாறு வயது மகள் போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கணவரின் அக்காவும் வந்தார். அந்த நாத்தனார் பள்ளிச் சீருடை தைப்பவர். கோடையில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே கைக்கு ஓய்வு, வாய்க்கு மட்டும் வேலை.

முதல் நாளே குழப்பம் ஆரம்பித்தது. முப்பத்தெட்டாம் நிறுத்தத்துக்கு 'படகுத்துறை' என்று பெயர். இறங்கிப் பார்த்தால் ஒரு டயர் கடையும் மூன்று வாத்துகளும்தான் இருந்தன. படகுத்துறை வேறிடத்துக்குப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டதாம், பெயரை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அவள், இது மேற்குக் கரை, சூரியன் ஏரியில்தான் உதிக்கும் என்று சொல்லிக் கூடாரம் அடிக்க வைத்தாள். காலையில் சூரியன் கூடாரத்தின் பின்பக்கமாக மலை மேல் உதித்தது. மூன்றாம் நாள் மிதிபடகு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. கணவரும் நாத்தனாரும் ஆளுக்கொரு திசைக்கு மிதித்ததாகத் தெரியவந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கோ எல்லா ஏரியும் ஒன்றுபோலவே தெரிந்தது. நேற்றுப் பார்த்த ஏரியா, இன்றைக்குப் புதிதா என்றுகூட நிச்சயமில்லை. இந்த லட்சணத்தில் இங்கே வேலைக்கு வருவதா என்று ஒரு மனம் கேட்டது. நாற்பத்திரண்டைப் பார்க்காமல் எதையும் சொல்லாதே என்றது இன்னொன்று.

சனிக்கிழமை காலை நாற்பத்தொன்றில் இருந்தார்கள். மகளுக்கு இன்னொரு முறை நீந்த வேண்டும் என்று ஆசை. பைகளையும் கூடாரத்தையும் முதல் வண்டியின் நடத்துநரிடம் கொடுத்து, நாற்பத்திரண்டின் கவுன்டரில் இறக்கச் சொல்லி அனுப்பினாள். அந்த இடத்துக்கு வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்களா என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டும் வைத்தாள். குளித்து முடித்ததும், "அடுத்த வண்டி வர்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? நடந்துரலாம்" என்றாள்.

"எவ்ளோ தூரம்?" என்றார் கணவர்.

"பஸ்ஸுல நாலு நிமிஷம். நடந்தா அரை மணி."

"மேப்ல பாக்கட்டுமாம்மா?" என்று மகள் போனை எடுத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? அதை உள்ள வை."

இருபது நிமிஷத்தில் சாலை ஒரு மலையின் வயிற்றுக்குள் புகுந்தது. நடந்து செல்ல அனுமதி இல்லை என்று சுரங்கத்தின் வாயில் பலகை தொங்கியது. அட்டவணையில் சுரங்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் நாலு. அவ்வளவுதான். அவள் அந்த ஓட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எங்க கெளம்பிட்டீங்க?"

"நாற்பத்திரண்டுக்கு."

"அப்ப மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கணும். நாலு மணி நேரம் ஆவும்."

"நிமிஷமா, மணி நேரமா?" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்வதற்குள் பேருந்து ஒன்று இவர்களைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அடுத்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. அதை மட்டும் அவள் சரியாகச் சொன்னாள். பைகள் அந்தப் பக்கம், மாற்றுத்துணியும் அந்தப் பக்கம். ஏறினார்கள்.

ஒரு மணி நேரம் ஏறியதும் நாத்தனார் ஒரு பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஏம்மா, நாலு நிமிஷம் ஆயிடுச்சா? என் கடிகாரம் ஏதோ கோளாறு போல."

"அண்ணி, தெரியாமதானே..."

"தெரியாமதான்! பெரிய இவளாட்டம் இந்த ஊருக்கே அதிகாரியா வரப்போறவ மாதிரி எங்களை இழுத்துட்டு வந்தியே!"

"ஆமா, வரத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சுற்றறிக்கை, திங்கட்கிழமை, கைப்பைக்குள் இருக்கும் விண்ணப்பம் எல்லாவற்றையும் மூச்சிரைக்கச் சொன்னாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நான் கடையை என்ன பண்றது?" என்றார்.

"தெரியலைங்க."

"என் ஸ்கூல்?" என்றாள் மகள்.

"அதுவும் தெரியலை."

நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து முன்னால் நடந்தார். அதுதான் அவளை அதிகம் கலக்கியது. திட்டியிருந்தால் அவர் எந்தப் பக்கம் என்றாவது தெரிந்திருக்கும்.

மலை உச்சியில் காற்று வந்தது. கீழே ஏரி கிடந்தது, இதுவரை பார்த்த எதைப் போலவும் இல்லாமல் நீளமாக, நடுவில் ஒடுங்கி. கரையோரம் வரிசையாகப் படகுகள் தெரிந்தன. மகள் முதல் ஆளாக இறங்கி ஓடினாள். அட்டவணை அக்கா கைப்பையைத் திறந்து விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அத்தனை பேரும் சிரித்தது இதற்குத்தான் என்று நினைத்தாள். கீழே போனதும் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

கீழே வந்ததும் மற்ற மூன்று பேரும் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் வைத்தார்கள். அவள் பைகளை வாங்கப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்தவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுபவர். அவள் யாரென்று சொன்னதும் கதவைத் திறந்துவிட்டார். "நம்ம ஆளா நீங்க? உட்காருங்க, உட்காருங்க. நான் போய் முகம் கழுவிட்டு வந்துர்றேன். யாராவது வந்தா ரெண்டு டிக்கெட் கிழிச்சுக் குடுங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே வட்டத் துளை, அதே மை வாசனை. எதிரே ஒரு சுவரும் பேருந்தின் பின்பக்கமும். ஏரி முதுகுப் பக்கம் எங்கோ இருந்தது. அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது.

சாயங்கால வண்டிக்கு வரிசை சேர்ந்தது. முதலில் ஒரு தகப்பன் வந்தார். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து, தோளில் ஈரத் துண்டு, இடுப்பில் அழுகிற பிள்ளை. ஊர்ப் பெயரைச் சொல்லி "மூணு டிக்கெட்" என்றார், அவளைப் பார்க்காமல். அவர் கேட்டது அவளுடைய ஊரைத்தான். அடுத்து இளம் தம்பதி, பேச்சே இல்லை. மூன்றாவதாக ஒரு பெண், கைநிறையக் கூழாங்கல். "இதைக் கொண்டு போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. அவள் டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தோன்றியது. இது நாற்பத்திரண்டுதானா?

ஆறாவதோ ஏழாவதோ முகத்தில்தான் அவளுக்கு உறைத்தது. இங்கே கவுன்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் போகிறவர்கள். ஊருக்கு வருகிறவர்கள் அங்கேயே டிக்கெட் வாங்கிவிட்டார்கள், அவளிடமே வாங்கினார்கள். இந்தத் துளைக்கு எந்தக் காலத்திலும் அந்த முகங்கள் வரப்போவதில்லை.

முகம் கழுவி வந்தவர் கேட்டார்: "இந்த எடத்துக்கு எழுதிக் குடுக்க வந்தீங்களாமே? நடத்துநர் சொன்னாப்ல. நல்ல எடம்மா. அமைதியா இருக்கும்."

காலையில் ரகசியமாகக் கேட்டு வைத்தது அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கைப்பை மேல் கை போனது, அங்கேயே நின்றது. "பைகளை எடுத்துக்கறேன் சார்" என்றாள்.

கரையில் கணவர் முழங்கால் வரை நனைந்து நின்றார். "குடுத்துட்டியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"அங்க உட்கார்ந்தா எல்லாரும் போறவங்களாவே வர்றாங்க."

"டிக்கெட் கவுன்டர்னா போறவங்கதானே வருவாங்க?"

"அதான்" என்றாள். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

நாத்தனார் தண்ணீருக்குள்ளிருந்து திரும்பினார். புடவை இடுப்பு வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "என்னது, குடுக்கலையா? வர்ற வழியெல்லாம் தையல் மெஷினை இங்க எந்தப் பக்கம் போடறதுன்னு யோசிச்சுட்டு வந்தேனே நான்!"

"அண்ணி! நீங்க கோபமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"கோபம்தான். யாரு இல்லேன்னா? அதுக்காக ஏரி நல்லா இல்லேன்னு ஆயிடுமா?" என்றவர் தண்ணீரை அவள் மேல் வாரி இறைத்தார். "திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குடி. நல்லா யோசிச்சுக்க."

"நிச்சயமாத்தான் சொல்றியா?" என்றார் கணவர்.

"இல்லைங்க, நிச்சயம்லாம் இல்லை. ஆனா குடுக்கப்போறதில்லை" என்று சொல்லி, பைகளை மணலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்ற மறந்து தண்ணீரில் இறங்கினாள்.