கெப்பாசிட்டர் பெட்டி முன்னால் ஓர் உதை

இடி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. வாய் திறப்பதற்குள் அடிக்கக் கை போய்விடும் என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் பல்லை உடைத்தான். பஸ்ஸில் தங்கையை உரசியவனின் மூக்கை உடைத்தான். முதலில் சேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியின் தாடையைப் பெயர்த்துவிட்டு அன்றே வெளியே வந்தான். பிறகு எலெக்ட்ரீஷியன் ஆனான். மின்சாரத்திடம் மட்டும் அவன் வாலாட்டியதே இல்லை. "மனுஷன் அடிச்சா திருப்பி அடிக்கலாம். இது அடிச்சா யாரைப் போய் அடிக்கிறது?" என்பான்.

அந்தத் தங்கையைக் கட்டியவனும் எலெக்ட்ரீஷியன்தான். கூட வேலை செய்பவன், கலகலப்பானவன் என்று இடியே பார்த்து முடித்த சம்பந்தம்.

ஒரு நாள் காலையில் அவள் பையோடு இடியின் வீட்டு வாசலில் நின்றாள். கீழுதடு பிளந்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லாத."

"சொல்லல. அவர்தான். பெல்ட்டால."

"இன்னிக்கு அவன் தொலைஞ்சான்."

"வேணாம்ணே. அடி பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு எனக்கு."

அவன் டூல் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இரும்பு உருக்கும் தொழிற்சாலை. மெயின் பேனலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கெப்பாசிட்டர்கள் பொருத்தும் வேலை அவனுக்கும் மாப்பிள்ளைக்கும். பெரிய மோட்டார்கள் வேலைக்கு உதவாமல் கூடுதலாக இழுக்கும் மின்சாரத்தை அந்தத் தகர உருளைகள் பக்கத்திலிருந்தே ஈடுகட்டிவிடும்; இழுக்கும் மின்சாரத்தில் உழைக்கும் பங்கு, அதாவது பவர் ஃபேக்டர், ஏறும், கேபிள் சூடாவது குறையும். ஒரே ஒரு கெட்ட குணம். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதையும் நம்பாமல், கொஞ்ச நேரம் பொறுத்து, மிச்சத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பியால் அதன் முனைகளைத் தொட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

"என்ன மச்சான், மூஞ்சியில உலை கொதிக்குது? தங்கச்சி வந்து ஒப்பாரி வெச்சாளா?" என்றான் மாப்பிள்ளை. "ரெண்டு தட்டு தட்டினேன். நீ செல்லம் குடுத்துக் கெடுத்ததை நான்தானே நிமிர்த்தணும்?"

இடி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நட்டை முறுக்கினான்.

சோதித்துப் பார்க்க ஸ்விட்சைப் போட்டார்கள். ஒரு கெப்பாசிட்டரின் தலையில் நட்டு தளர்ந்து பொறி பறந்தது. மாப்பிள்ளை சட்டென்று அணைத்தான்.

"ஸ்பேனர் குடு."

இடி கொடுத்தான். கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது: அதே கெப்பாசிட்டரின் ரெசிஸ்டர், கால் ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது; உள்ளே இருக்கும் மின்சாரம் வடிந்திருக்காது. எர்த் கம்பியோ சுவரில் சாய்த்தது சாய்த்தபடி.

'நில்லு' என்று ஒரு சொல் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே அந்தப் பிளந்த உதடும் வந்தது. அவன் அவசரம் அவனைக் கொன்றது என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? இடி வாயை மூடிக்கொண்டான். மாப்பிள்ளையின் கை பெட்டிக்குள் போனது.

அப்புறம் எப்படி என்று அவனுக்கே தெரியாது, கால் எழும்பியது. விலாவில் விழுந்த உதையில் மாப்பிள்ளை எகிறிப் போய் இரும்புத் தாங்கியில் மோதினான். தோளெலும்பு முறிந்த சத்தத்தைப் பின்னாலேயே வந்த வெடிச்சத்தம் விழுங்கியது. கைதவறிய ஸ்பேனர் முனைகளுக்குக் குறுக்கே விழுந்திருந்தது. கண் கூசும் நீல வெளிச்சம். ஸ்பேனரின் வாய் உருகிக் கறுத்திருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். மண்டையிலிருந்து ரத்தம் ஒழுக மாப்பிள்ளை அலறினான்: "கொல்லப் பாத்தான் சார்! இவன் என்னைக் கொல்லப் பாத்தான்!"

சூப்பர்வைசர் ஸ்பேனரைப் பார்த்தார், ஒடிந்த ரெசிஸ்டரைப் பார்த்தார். "அட லூசு, அவன் உதைக்கலேன்னா உன்னை மூட்டை கட்டித்தான் அனுப்பியிருப்போம்."

ஆளாளுக்கு இடியின் முதுகில் தட்டினார்கள். அவன் பேனலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கைக்குச் சேதி ஒன்றுவிடாமல் எட்டியிருந்தது.

"காப்பாத்தினியாமே?"

"ம்."

"கத்தியிருந்தா கையை எடுத்திருப்பாரே. ஏன் உதைச்ச?"

"கத்த நேரமில்ல."

"ஸ்பேனரை வாங்கி, குனிஞ்சு, கையை உள்ள விடுற வரைக்கும் நேரமில்லையா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் பையை எடுத்தாள்.

"அங்கயா போற?"

"அங்க இனிமே காலடி வைக்க மாட்டேன். என்கூட வேலை செய்றவ, ரூம்ல இடம் இருக்குன்னு சொன்னா."

"இங்க இரேன். நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கிறதாலதாண்ணே போறேன்."

அவன் வழியை மறிக்கக் கையை நீட்டினான். அவள் முகத்தைச் சட்டென்று முழங்கையால் மறைத்துக்கொண்டாள். நீட்டிய கையை அவன் மெல்ல இறக்கினான். விலகி நின்று கதவைத் திறந்துவிட்டான்.