மைக்செட்காரன் காது

மைக்செட் தொழில்ல எல்லாப் பாட்டும் காதுல விழும், ஒண்ணையும் உக்காந்து ரசிக்க முடியாது. ஆரணியில இருபது வருஷத்துக்கு மேல இதான் பொழப்பு. முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், சாவுக்குக் கானா, அம்மன் கோயிலுக்குப் பம்பை உடுக்கை, ரிசப்ஷனுக்கு டிஜே. எல்லாத்துக்கும் அதே பாக்ஸு, அதே ஒயரு. ஸ்பீக்கர் வச்சிருக்கிறவங்களே, ஸ்பீக்கர் பக்கத்துல வீடு கட்டி மாட்டிக்கினவங்களே, என் பேஜாரு உங்களுக்குத்தான் புரியும்.

வயலின் மழுங்குது

பட்டு முதலாளி ஒருத்தர் வீட்டுக் கல்யாணம். மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா கர்நாடக சங்கீதம் பாட வந்திருந்தாங்க. கூட வயலின், மிருதங்கம். எனக்கு வயலின் போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி மழுங்கலா இருந்துச்சு. மிக்சர்ல ட்ரெபிளை ஏத்தினேன். கீச்சு சத்தத்தைத் தூக்கிக் காட்டுற திருகு அது. போதல. இன்னும் ஏத்தினேன். முன்வரிசையில ஒரு பெரியவர் காதைப் பொத்திகினு எழுந்து போனாரு. பாட்டு புடிக்கல போலன்னு விட்டுட்டேன்.

பாட்டு முடிஞ்சதும் வயலின்காரர் மேடையை விட்டு இறங்கி நேரா என்கிட்ட வந்தாரு. கத்தியிருந்தாகூடப் பரவாயில்ல, மெதுவாத்தான் சொன்னாரு: "மைக் பத்து நிமிஷமா ஊளையிடுது. நான் கையைக் காட்டிக் காட்டிப் பாக்கறேன், நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சுட்டே இருக்கீங்களே!"

செல்போன்ல இருந்த குரல்

போளூர் ரோட்டுல பைக்ல போன ஒரு பையன் லாரியில அடிபட்டுப் போயிட்டான். காலேஜ் படிச்சிகினு இருந்தவன். கூட்டாளிங்க கானா பாடுறவரைக் கூட்டியாந்திருந்தாங்க. அவரு தண்ணி குடிக்க நிறுத்தின நேரத்துல பையனோட அம்மா என்கிட்ட வந்து ஒரு செல்போனை நீட்டினாங்க. புள்ள வீட்ல சும்மா முணுமுணுத்துப் பாடினதை யாரோ ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. "ஒரு தடவை பெருசா போடுப்பா, கேக்கணும்"னாங்க.

ஒயரைச் சொருகினேன். குரல் தெளிவாவே இல்ல. பாவம், அந்தம்மாவுக்கு நல்லா கேக்கட்டும்னு ட்ரெபிளைக் கடைசி வரைக்கும் திருகினேன். சத்தியமா நல்லதுக்குத்தான் செஞ்சேன். பந்தல்ல இருந்தவங்க முகமெல்லாம் சுளிச்சுது. அந்தம்மா ஸ்பீக்கரையே பாத்துகினு நின்னாங்க, அப்புறம் என் சட்டையைப் புடிச்சிட்டாங்க. "இது என் புள்ள குரலே இல்லியே, அவனை என்னடா பண்ணே?"

கூத்துல மைக் டெஸ்ட்

படவேடு பக்கம் ஒரு ஊர்ல பாரதக் கூத்து. சாயந்தரமே போய் மைக் கட்டி டெஸ்ட் பண்ணிகினு இருந்தேன். மிருதங்கம் வருது. முகவீணை மட்டும் வரல. சின்னக் குழலு அது, ஊதினா ஊருக்கே கேக்கும். ஒயரை மாத்தினேன், மைக்கை மாத்தினேன். ஊஹூம். எனக்குக் கோவம் வந்துடுச்சு. "ஏங்க, கன்னத்தை உப்பிகினு உக்காந்தா ஆச்சா? ஜல்தியா ஊதுங்க!"ன்னு கத்தினேன். வேஷம் போட்டுகினு இருந்தவங்கள்லாம் நான் தமாஷ் பண்றேன்னு சிரிச்சாங்க.

முகவீணைக்காரர் மட்டும் சிரிக்கல. குழலை மடியில வச்சிட்டு என் காதையே பாத்தாரு. "தம்பி, நான் ஊதிகினுதான் கீறேன். மேளத்தை நிறுத்தச் சொல்றேன், அப்பவாச்சும் கேக்குதா பாரு."

பட்டன் அமுக்கின கதை

அந்தம்மா கேட்ட கேள்வி ஏற்கெனவே தூங்க விடல. இதுவும் சேர, என் சம்சாரம் செல்வி கூப்பிட்டதும் மறுபேச்சு பேசாம வேலூர்ல காது டாக்டர்கிட்டப் போயிட்டேன். போனாலும் ஒரே கவலை. ஆடி மாசம் பூரா கோயில் புக்கிங். மைக்செட்காரன் செவிடுன்னு பேரு வந்தா எவன் கூப்பிடுவான்? எப்படியாவது பாஸாயிடணும்னு இருந்தேன். கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, ஹெட்போனை மாட்டி, கையில பட்டன் ஒண்ணு கொடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும்.

கொய்ங்னு கேட்டுச்சு. அமுக்கினேன். மறுபடியும் கொய்ங். அமுக்கினேன். அட, நமக்கு ஒண்ணுமில்லடான்னு ஒரே குஷி. விடாம அமுக்கிகினே இருந்தேன். வெளியே மெஷின்கிட்ட இருந்த பொண்ணு எழுந்து வந்து கதவைத் திறந்துச்சு. "அண்ணா, நான் இன்னும் சத்தமே வைக்கலியே!"

பஸ்ல

நரம்பு செத்துப்போச்சாம், அந்தக் கொய்ங் என் காதுக்குள்ளேயே வர்ற சத்தமாம். கீச்சு சத்தம் திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தடிச்ச சத்தம் கொஞ்ச காலம் நிக்குமாம், அதுவும் டிஜே பாக்ஸ் பக்கத்துல நிக்கிறதை விட்டாத்தான். வர்ற வழியில பஸ்லயே அழுதுட்டேன், வெக்கமா இருந்தாலும் அடக்க முடியல. செல்வி ஏதோ சொன்னா. அவ வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிகினேன். "கச்சேரி, கூத்தை விட்டுடு; டிஜேவை விட்டா சோத்துக்கு என்ன பண்றது?"

ஆகமொத்தம், என் காதைத் தின்ன டிஜே பாக்ஸ் ஒண்ணுதான் இப்ப எனக்குச் சோறு போடுது, மீதி சங்கீதத்தையெல்லாம் நீங்களே கேட்டுக்குங்க.