பேட்ஜ் போட்டவர்களைச் சோதிப்பதில்லை

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், அறுத்து முடித்த சோளக் காடு, இடையிடையே தீப்பெட்டி ஆலைகள். மடியில் என் ஆல்பம். தீப்பெட்டி லேபிள் சேகரிக்கிறவள் நான். அதில் ஒன்று கோவில்பட்டியிலேயே அச்சானது. சிவப்பு மை விலகி, சேவலின் கொண்டை அலகில் போய் உட்கார்ந்திருக்கும். அதைப் போல இன்னொன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. அச்சான ஊரிலேயே அதைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் இந்தச் சேகரிப்பாளர் கண்காட்சிக்குக் கிளம்பினேன்.

பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பழைய துட்டெல்லாம் வச்சிருப்பாவளே, களவு போவாதாக்கா?" என்றார் ஓட்டுநர்.

வாசலில் காவலாள் இருப்பார் என்றேன். இருந்தார். மேசை போட வந்த, பேட்ஜ் மாட்டிய எங்களுக்கு வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். பொதுமக்களுக்குப் பத்தரைக்குத்தான் அனுமதி. அதுவரை கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

பத்து மணிக்குத் தொடக்க விழா. மேசை போட்டிருந்த எல்லோரையும், ஒருவர் விடாமல், மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நாலு பேர் கூடினால் போதும், நமக்கு இந்தச் சால்வைப் பைத்தியம் பிடித்துவிடும். முதலில் போர்த்திக்கொண்டவர்கள் மேசைகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியாகக் கூப்பிடப்பட்ட நான் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். மேசைக்குத் திரும்பி வந்தால் ஆல்பம் திறந்து கிடக்கிறது. எவனோ பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறி, சேவல் லேபிளை மட்டும் எடுத்திருக்கிறான். பக்கத்திலிருந்த எதையும் தொடவில்லை. விவரம் தெரிந்த கை.

கண்காட்சி ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். "சத்தம் போடாதீங்கக்கா. போலீசுன்னு போனா அடுத்த வருசம் மண்டபம் தர மாட்டாவ."

அப்போதுதான் கதவைத் திறந்தார்கள். விடுமுறை நாளென்று தீப்பெட்டி ஆலைப் பெண்கள் ஐந்தாறு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களைக் கண்டதும் ஒருங்கிணைப்பாளர் காவலாளிடம் கத்தினார்: "அவளுவ பையப் பாருய்யா!"

முன்னால் வந்த பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இப்பத்தான உள்ள வாரோம்? நித்தம் லேபிளுக்குள்ளதான் கெடக்கோம். அதையா களவாங்க வந்தோம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல என் பையைப் பாருங்க. அப்புறம் பேட்ஜ் போட்ட ஒவ்வொருத்தர் பெட்டியையும் திறங்க. கதவு பூட்டியிருந்தப்போ உள்ள இருந்தது நாமதானே?"

"அவியல்லாம் பெரிய மனுசங்க. எப்படிக்கா கேக்க?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அந்தப் பெரிய மனிதர்கள் லென்சைத் துடைப்பதும் நாணயத்தை அடுக்குவதுமாகத் தலைகுனிந்து கொண்டார்கள். அந்தப் பெண்கள் ஒன்றையும் பார்க்காமலே திரும்பினார்கள். பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்னக்கா செய்வீய" என்றாள் அந்தப் பெண். திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு மதுரை பஸ் பிடித்தேன். சாத்தூர் வருவதற்குள் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன்.

"குரூப்ல 'தொலஞ்சிட்டு'ன்னு போடுங்கக்கா. களவுன்னு மட்டும் வேண்டாம். நம்ம ஆளுவளுக்குத்தான் அசிங்கம்."

வாசலில் பையைக் கட்டிப்பிடித்து நின்றவளுக்கு நேராத அசிங்கமா இவர்களுக்கு! போனை வைத்துவிட்டு, சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'என் லேபிள் தொலையவில்லை. திருடப்பட்டது. திருடியவர் இந்தக் குழுவில் இருக்கிறார். இதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்.'