மூன்றாம் துண்டுக்கு நடந்த சண்டை

தொண்ணூற்றெட்டில் நான் செங்கல்பட்டில் குடியிருந்தேன். சென்னையில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. தினமும் காலை மின்சார ரயில், மகளிர் பெட்டி. என்னோடு ஏறும் நான்கு பெண்கள் மறைமலைநகரில் இறங்குவார்கள். அங்கே வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர்களுக்கு வேலை. ஏறி உட்கார்ந்து இறங்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த அரை மணிக்குள் அவர்கள் செய்த ஒரு காரியம் என்னை எரிச்சலின் உச்சத்துக்குக் கொண்டுபோனது.

புத்தகத்தைக் கிழித்தார்கள்.

மாதம் ஒருமுறை ஸ்டேஷன் கடையில் ஒரு பாக்கெட் நாவல் வாங்குவார்கள். முதுகில் பசை மட்டும் தடவிய மலிவான புத்தகம். நால்வரில் மூத்தவரான அக்கா அதை முழங்காலில் வைத்து, முதுகை அமுக்கி, நான்காகப் பிளப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் தலையிலிருந்து ஒரு ஹேர்பின். ஆளுக்கு ஒரு துண்டு. மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். முதல் துண்டு யாருக்குக் கிடைக்கும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. நடுவிலிருந்து தொடங்கி முன்னால் போவார்கள், முடிவைப் படித்துவிட்டு ஆரம்பத்துக்கு வருவார்கள். பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே சம்பளம் வாங்குகிற எனக்கு, இதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பது பெரிய சோதனையாக இருந்தது.

கதைகளோ அதைவிட மோசம். எல்லாம் கல்லூரிக் கதை. அவன் விளையாட்டு அணியின் கேப்டன். மோட்டார் சைக்கிள், திமிர், மூன்று பாடத்தில் அரியர். அவள் வகுப்பில் முதல் மாணவி. கண்ணாடி, நூலகம், யாரோடும் பேசமாட்டாள். ஏதோ ஒரு காரணத்துக்காக அவள் அவனுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியிருக்கும். பிறகு பக்கம் பக்கமாகச் சண்டை. கடைசியில் இறுதி ஆட்டம், கைதட்டல், கண்ணீர், மாலை. மாதாமாதம் ஆட்டம் மட்டும் மாறும். ஒரு மாதம் கபடி, ஒரு மாதம் கிரிக்கெட்.

என்னைப் 'பேப்பர் மேடம்' என்று கூப்பிடுவார்கள். பழகிய பிறகு புத்தகத்தை ஐந்தாகப் பிளந்து எனக்கும் ஒரு துண்டு தர ஆரம்பித்தார்கள். எப்போதும் கடைசித் துண்டு. முடிவையே என் கையில் கொடுக்கிறார்கள், இது மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதை யாரும் கேட்பதில்லை, அதனால் எனக்குத் தருகிறார்கள் என்று. எல்லோரும் போட்டி போட்டது மூன்றாம் துண்டுக்கு. சண்டை நடக்கும் பக்கங்கள் அதில்தான் இருக்கும். மூன்றாம் துண்டு யாருக்கு என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும்.

ஒரு மாதம் வாலிபால் நாவல் வந்தது. கடைசி நிமிடத்தில் நாயகன் மூன்று கோல் போட்டு ஜெயிக்கிறான். வாலிபாலில் கோல் கிடையாது, கடைசி நிமிடமும் கிடையாது. கை சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டேன். அப்படியே ஒரே பக்கத்தில் இரட்டைப் பின்னலாகவும் கொண்டையாகவும் இருந்த நாயகியின் தலைமுடியையும் சரி செய்தேன்.

மறுநாள் அக்கா துண்டை என் மடியில் போட்டார்.

"இன்னா மேடம், புக்கு பூரா செவப்பா கிறுக்கி வெச்சிகீற. அம்மை போட்டா மாதிரி கீது."

"வாலிபால்ல கோல் கிடையாதுங்க."

"அது எங்களுக்குத் தெரியாதா? இதோ இவ ஆடுறவ. இவளே ஒண்ணும் சொல்லல. உனுக்கு இன்னா?"

'இவள்' என்று காட்டியது நால்வரில் இளையவளை. திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமம். பள்ளியில் வாலிபால் ஆடி, ஆட்டத்துக்காகவே தொழிற்சாலையில் எடுக்கப்பட்டவள். மாலையில் கம்பெனி மைதானத்தில் பயிற்சி. கையின் உட்புறம் எப்போதும் சிவந்திருக்கும்.

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படிப் படிக்கிறே?" என்று அவளிடம் கேட்டேன். என் குரலில் பொறுமை இல்லை.

"ஆட்டத்துக்கா மேடம் படிக்கிறோம்? ஆட்டம் நான் சாயங்காலம் ஆடிக்கிறேன்."

"வேற எதுக்கு? முடிவும் தெரியும். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா இருப்பாங்க, கடைசியில சேந்துடுவாங்க. மாசாமாசம் இதையேவா?"

அவள் மூன்றாம் துண்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

"எங்க வூட்ல எல்லாம் சண்ட போடுறதுக்கே கல்யாணம் ஆவணும் மேடம். இதுல கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாச் சண்டையும் போட்டு முடிச்சிடுறாங்க. அது எவ்ளோ சவுரியம் தெரியுமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ரயில் நின்றது, இறங்கிப் போய்விட்டார்கள். எழுத்துப்பிழை மலிந்த புத்தகத்துக்கு இப்படி ஒரு சமாதானமா என்று அலுத்துக்கொண்டு நான் என் பேப்பரை விரித்தேன்.

சில வாரம் கழித்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கோவளத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்பவர். அவளுடைய அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. முந்தைய இரண்டு வரன்களை இவள் பக்கமிருந்து தட்டிவிட்டதால், இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் சரி என்றால் சரி, மறுபேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டாராம். மூன்றாவது முறையும் பெண் வீட்டாரே வேண்டாம் என்றால் ஊரில் இவளைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள். கல்யாணம் முடிந்தால் வேலையும் ஆட்டமும் போகும். அடுத்த மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் கம்பெனிகளுக்கு இடையேயான போட்டி. அதற்கு முன்பே நிச்சயம் என்று பேச்சு.

பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை, திருவிடந்தை கோயிலில். "அஞ்சு நிமிசம் அந்தாளுகிட்ட தனியா பேசணும்க்கா. சண்ட வந்தா வரட்டும், இப்பவே வரட்டும்" என்றாள் அவள்.

அக்கா உடனே திட்டம் போட்டார். மாப்பிள்ளையின் அம்மாவை ஒருத்தி மாலை வாங்க அழைத்துப் போவது. பெண்ணின் அம்மாவை இன்னொருத்தி பார்த்துக்கொள்வது. அப்பாவைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அவரு தெனம் பேப்பர் படிக்கிற ஆளு. நீ பேப்பர்ல கீற. பேசிகினே இரு, போதும்."

எனக்கு வாரத்தில் ஒரே விடுமுறை ஞாயிறு. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். நாவல் படித்துக் கெட்டுப்போன நால்வரின் நாடகத்தில் எனக்கு என்ன வேஷம் என்று கேட்டேன். ஆனாலும் ஞாயிறு காலை செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே இறங்கி இன்னொரு பேருந்து. ஜன்னல் சீட்டுகூடக் கிடைக்கவில்லை.

திருவிடந்தை கோயிலில், கல்யாணம் ஆக வேண்டியவர்கள் பெருமாளுக்குச் சாற்றிய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வருவது வழக்கம். அன்றும் பலர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு தூணருகே நின்றார்கள். அவர் உயரம், ஒல்லி, கண்ணாடி. வெயில் படாத நிறம். நிழல் நகர நகர அவரும் நகர்ந்துகொண்டே இருந்தார். இவள் வெயிலிலேயே நின்றாள். நாவலின் அட்டைப்படத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது, ஆடுகிறவள் இவள், படிக்கிறவர் அவர்.

நாலைந்து அடி தள்ளி நானும் அவளுடைய அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். நெல் வயலும் ஒரு லோடு வேனும் வைத்திருப்பவர். என்னைப் பேப்பரில் வேலை செய்பவள் என்று அறிமுகப்படுத்தியதும், அச்சில் வந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டார். டீசல் விலை ஏன் ஏறியது, எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை, ராசிபலன் யார் போடுவது, போன வாரம் பணம் வரும் என்று போட்டிருந்தீர்களே, எங்கே? நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அக்கா தூரத்திலிருந்து 'இன்னும் பேசு' என்று சைகை காட்டினார்.

ஒரு கட்டத்தில் அவர் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டார். மகளின் குரல் கேட்டது.

"நான் ஆடுறது உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னாங்க. ஸ்கூல்ல ஆடினீங்கன்னு."

"இப்பவும் ஆடிகினுதான் கீறேன். கல்யாணத்துக்கு அப்பறமும் ஆடுவேன். அடுத்த மாசம் மேட்ச் கீது."

"அரைக்கால் சட்டை போட்டுகினா?"

"பொடவ கட்டிகினு பந்து அடிக்க முடியாது."

"எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"உங்கம்மாவ நான் கேக்கல. உங்களக் கேக்குறேன்."

மாப்பிள்ளை நிழலோடு இன்னும் ஓர் அடி நகர்ந்தார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பேச்சை எப்படியாவது இழுக்க வேண்டும் என்று நான் ராசிபலன் எழுதுகிறவரைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை. ஆனால் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நடந்தது உண்மையான சண்டை. கத்தவில்லை, ஆனால் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சம்பளம் யார் கைக்குப் போகும், நைட் ஷிப்ட், பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு வந்தால் சமையல் யார், அவருக்குச் சத்தமே பிடிக்காது, இவளுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. மாலையோடு ஒருவர் சுற்றி முடித்துப் போனார், அடுத்தவர் தொடங்கினார். இவர்கள் முடிக்கவில்லை. நடுவில் இரண்டு முறை சிரித்தார்கள். சண்டைக்கு நடுவே வரும் அந்தச் சிரிப்பை நான் அதன்பிறகு எத்தனையோ நாவல்களில் படித்திருக்கிறேன். ஒரு நாவலாசிரியரும் சரியாக எழுதியதில்லை.

"இவ இவ்ளோ பேசுவாளா?" என்று அப்பா என்னைக் கேட்டார். "வூட்ல வாயத் தொறக்க மாட்டாளே."

"நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றேன். அதிகாலையில் எழுந்த எரிச்சலில் வந்த கேள்விதான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக மாப்பிள்ளை சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஆடக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆனா எனக்குப் புடிக்காது. புடிக்காதத மறைக்கவும் தெரியாது. தெனம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்பேன்."

"அந்த மூஞ்ச தெனம் பாக்க வேண்டியது நான்தானே."

"அதான் இப்பவே சொல்றேன்."

மாலை வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் முகம் இறுகிவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மூன்றாவது முறை. அவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாரா, தானே ஊகித்தாரா, எனக்குத் தெரியாது. தன் அம்மாவிடம், எல்லோர் காதிலும் விழும்படி, இப்படிச் சொன்னார்.

"எனக்கு வெயில் ஆவாதும்மா. அவங்களுக்கு நெழல் ஆவாது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் சரிப்படாது, வேணாம்."

அவருடைய அம்மா வாங்கி வந்த மாலையோடு நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இந்தப் பக்கம் அப்பா எழுந்து போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். கோயிலை விட்டு வெளியே வரும் வழியில் அவர் மகளிடம் கேட்டது ஒரே கேள்வி, "மேட்ச் என்னிக்கு?"

திரும்பும் பேருந்தில் அக்கா பொங்கித் தீர்த்தார்.

"நல்லா போய்கினு இருந்துது. மூணாந் துண்டு வரைக்கும் அப்படியே புக்கு மாதிரி. கடசில இப்டி சொதப்பிட்டானே அந்தக் கண்ணாடி."

"கடசித் துண்டு யாருக்குக்கா வேணும்?" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "எப்பவும் மேடத்துக்குத்தானே குடுப்போம்."

போட்டிக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். மாமல்லபுரம் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவளுடைய அணி தோற்றது. கடைசிப் புள்ளி அவள் அடித்த பந்து வலையில் மாட்டியதில் போனது. நாவலில் இப்படி நடக்கவே நடக்காது. அவளுடைய அப்பா லோடு வேனின் நிழலில் நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "இதப் பேப்பர்ல போடுவீங்களா?" என்று கேட்டார். நான் மெய்ப்புப் பார்ப்பவள், செய்தி எழுதுபவள் அல்ல என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு நான் வீடு மாற்றிச் சென்னைக்கே போய்விட்டேன். அவர்கள் தொடர்பும் விட்டுப்போனது. இன்றும் இந்த வகைக் கதைகள் மெய்ப்புக்கு என் மேசைக்கு வருகின்றன. வாலிபாலில் கோல் போடுகிறார்கள், நாயகியின் பின்னல் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, எனக்கும் அதே எரிச்சல் வருகிறது, சிவப்பு வட்டம் போடுகிறேன். சண்டைப் பக்கங்கள், அந்த மூன்றாம் துண்டு, வரும்போது மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை முழுதாகப் படிக்கிறேன். தங்களுக்குத் தனியாகப் பேசக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தை யாரோ எங்கேயோ ஒரு ரயிலில் இந்தப் பக்கங்களிலிருந்து பழகிக்கொண்டிருப்பார்கள், அதில் ஒரு வரிகூட என்னால் கெட்டுவிடக் கூடாது.