அத்தாவுக்கு வழி பழக்கிய கதை

என் சின்ன மாமா கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தார். அது வீட்டில் சொல்லிக்கொண்டது. நான் பார்த்தவரை, மானகிரியில் எங்கள் புது வீட்டு வாசலில் குத்தவைத்து எறும்புகளுக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் இருந்ததால் மாமா அளவுக்கு எனக்கு ஓய்வு கிடையாது. இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மாமாவின் வித்தை இதுதான். தனியாகத் திரியும் கட்டெறும்பு ஒன்று பிஸ்கட் தூளைக் கவ்வியதும், அதை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஏற்றி, அலுங்காமல் காம்பவுண்டின் மறுகோடியில் கொண்டுபோய் விடுவார். எறும்பு கொஞ்சமும் யோசிக்காது. தூளைக் கவ்விய இடத்திலிருந்து புற்று எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, அதே பக்கமாக அதே தூரம் விறுவிறுவென்று நடக்கும். அங்கே புற்று இருக்காது. அப்புறம் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும்.

எறும்பின் மூளை கடுகில் பாதிகூட இல்லையாம். அதன் நடுவில் வளையம்போல நரம்புகள் இருக்கின்றனவாம். எறும்பு திரும்பும்போதெல்லாம் சூரியனை வைத்து அந்த வளையம் திசையைத் திருத்திக்கொள்ளும், நடந்த தூரத்தையும் கூட்டிக்கொள்ளும், அதனால் வீடு எங்கே என்று அதற்கு எப்போதும் தெரியும் என்றார் மாமா. “அது போட்ட கணக்கு சரிதான். நாம தூக்கி வச்சதுதான் அதுக்குத் தெரியாது” என்று சிரிப்பார். எனக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. சுற்றும் எறும்பை அதே அட்டையில் ஏற்றிப் புற்று வாயில் விட்ட பிறகுதான் சாப்பிடப் போவேன்.

அத்தா, அதாவது என் அப்பா, துபாயில் வேலை பார்த்தார். அவர் எங்களை விட்டுப் போனது காரைக்குடியில், செக்காலை வாடகை வீட்டில். அவர் துபாயில் இருக்கும்போதே மானகிரியில் வீடு எழும்பி, நபி புகழ் பாடும் மௌலூது ஓதிக் குடிவந்துவிட்டோம். அன்றைக்கு அத்தா போனுக்குள் இருந்தார். மாமா போனைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்ட, அத்தா தலையைச் சாய்த்துப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ சொல்லிக்கொண்டே வந்தார்.

லீவுக்கு வருகிறவர்கள், சொன்ன தேதிக்கு முந்தியே வந்து நின்று வீட்டாரைத் திகைக்க வைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு பெருமை. அத்தாவுக்கும் அந்த ஆசை வந்தது. திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, காரைக்குடியில் ஆட்டோ ஏறினார். எங்கே என்று கேட்டதும் வாய் தன்னால் ‘செக்காலை’ என்றிருக்கிறது. கயிறு கட்டிய பெட்டியை இறக்கி, ஆட்டோவை அனுப்பிவிட்டு, பழைய வீட்டு கேட்டைத் தள்ளி, நேராகக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவியிருக்கிறார். அங்கே குடியிருந்த அம்மா துடைப்பமும் கையுமாக வந்து, “யாரு வேணும்? எங்குட்டு வாரீக?” என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாராம்.

உடனே எங்களுக்குப் போன் வந்தது.

“எங்க இருக்கே?” என்றார் அத்தா.

“வீட்லதான்” என்றாள் அம்மா.

“நானும் வீட்லதான் நிக்கிறேன்.”

மாமா பைக்கில் போய்க் கூட்டிவந்தார். எல்லோரும் புரையேறும் வரை சிரித்தார்கள், அத்தாவும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தாவை யார் தூக்கி வைத்தது என்று கேட்டேன். அத்தாவை எறும்பு என்கிறாளே என்று அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள். ஆனால் எனக்கு நிஜமாகவே பயம். அடுத்த லீவிலும் இப்படி நடந்தால்? அத்தா செக்காலையையே சுற்றிச் சுற்றி வந்தால், நாங்கள் எங்கே என்று யார் சொல்வார்கள்?

வீட்டுக்குள்ளும் அவர் பாடு அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் நேராக அம்மாவின் அரிசி மூட்டைக்கு முன்னால் போய் நின்றார். பழைய வீட்டில் அந்தப் பக்கம்தான் வாஷ்பேசின்.

எறும்புகள் முதலில் எப்படிப் படிக்கும் என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன். புதிதாக வெளியே வரும் எறும்பு உடனே இரை தேடப் போகாதாம். கொஞ்சம் நடந்து புற்றைத் திரும்பிப் பார்க்கும், இன்னும் கொஞ்சம் போய் மறுபடி பார்க்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டை மனசில் வாங்குமாம். இது போதாதா எனக்கு?

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் தினமும் அத்தாவை வெளியே இழுத்தேன். கேட்டில் ஒருமுறை, வேப்பமரத்தில் ஒருமுறை, டிரான்ஸ்பார்மர் முக்கில் ஒருமுறை. “இப்பத் திரும்பிப் பாருங்க அத்தா” என்பேன். கைலியை மடித்துக் கட்டிய மனிதர், சொன்ன இடத்திலெல்லாம் நின்று சமர்த்தாகத் திரும்பிப் பார்த்தார். என்ன தேடுறீக என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, “வீட்டைப் படிக்கிறேன்” என்றார். லீவு முடிவதற்குள் பரீட்சையும் வைத்தேன். செக்காலையிலிருந்து தனியாக ஆட்டோவில் வந்து, யாரிடமும் கேட்காமல் எங்கள் கேட்டில் இறங்கினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

துபாய்க்குக் கிளம்பும் நாள் கார் வந்து நின்றது. பயணம் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். “திரும்பிப் பாக்காமப் போயிட்டு வாங்க” என்றாள் அம்மா. பாடத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அத்தா என் மாணவர். கேட்டில் திரும்பிப் பார்த்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வேப்பமரத்தடியில் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்தார். டிரான்ஸ்பார்மர் முக்கில் காரையே நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று பார்த்தார். நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன்.

“அத்தாவுக்கு வீடு நல்லாப் பதிஞ்சிருச்சு மாமா” என்றேன். எறும்புக்கெல்லாம் விளக்கம் வைத்திருந்த மாமா அன்றைக்குக் கேட்டைச் சாத்தப் போய்விட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். பரீட்சையில் பாஸான மனிதர், எதற்காக இறங்கி நின்று மறுபடியும் படிக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.