பிளேஸ்டோவில் ஒரு வேலிக்கதவு

தைப்பொங்கலன்று காலை 9.10. கிழக்கு லண்டன், பிளேஸ்டோ. பேருந்துக் கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு. நிறுத்தத்துக்கு நேரெதிரே அடுக்குமாடிக் கட்டடம், பளபளக்கும் கண்ணாடி வாசல். பொங்கலுக்கு அழைத்த வசந்தி, என் நண்பனின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேதான் குடியிருக்கிறார். காவலாளி முகவரியைப் பார்த்துவிட்டு, இது சொந்தமாக வாங்கியவர்களுக்கான வழி, கவுன்சில் எனும் நகராட்சியின் வாடகைக்காரர்களுக்குப் பின்தெருவில் வாசல் என்றார். நானூறு மீட்டர் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் போனேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

10 மணி. வசந்தி வீட்டில் பக்கத்து வீட்டு கிளோரியாவும் இருந்தார். எழுபது வயது, ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். இரு வாசல்களுக்கும் நடுவே தோட்டம். அதன் வேலிக்கதவைத் திறந்துவிட்டால், மூட்டுவலிக் காலோடு அவர் தெருவெல்லாம் சுற்ற வேண்டாம். இரண்டே நிமிடத்தில் பேருந்தைப் பிடிக்கலாம். அதற்கு முன்பக்கத்தார் கையெழுத்து வேண்டும். ஓராண்டாக ஒருவரும் போடவில்லை.

பின்வாசலில் பெரும்பாலும் கறுத்த முகங்களாகவே பார்த்தேனே என்றேன். தன் அப்பாவுக்கு நல்ல சம்பளம்தான், ஆனால் கறுப்பர் என்பதால் வீட்டுக்கடன் கிடைக்கவில்லை, நல்ல தெருக்களில் வாடகைக்குக்கூட விடவில்லை என்றார் கிளோரியா.

“அப்பாவோடு வேலை செய்த வெள்ளைக்காரர் தன் பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுப் போனார். அப்பா எங்களுக்கு விட்டுப் போனது வாடகையைத்தான்.”

10.40. பால் ஒருமுறை வழிந்தது. சர்க்கரை போட்டதும் மறுபடி வழிந்து புகைந்தது. வசந்தியிடம் அடுப்பைக் குறைக்கச் சொன்னேன்.

“பொங்கி வழிஞ்சால்தான் பொங்கல், அண்ணை. இடையில நிப்பாட்ட ஏலாது.”

கட்டடம் முழுக்க அபாயமணி அலறியது. மணி அடித்தால் எல்லாப் பூட்டும் தானாகவே திறந்துகொள்ளும், வேலிக்கதவு உட்பட. எல்லோரும் தோட்டத்தில்தான் கூட வேண்டும். முன்பக்கத்தாரும் பின்பக்கத்தாரும் போட்டிருந்த உடையோடு குளிரில் நின்றோம். வசந்தி மட்டும் பானையோடு வந்திருந்தார். விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம். முகமெல்லாம் அசடு வழிய, மன்னிப்புக் கேட்டபடியே எல்லோருக்கும் காகிதக் குவளையில் பொங்கல் கொடுத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே முன்பக்கத்து இளைஞர் ஒருவர், எந்த வழியாக வந்து போகிறீர்கள் என்று கிளோரியாவைக் கேட்டார். பின்வாசல் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கிளோரியா கைப்பையில் மடித்து வைத்திருந்த வேலிக்கதவு விண்ணப்பத்தை நீட்டினார். இளைஞர் முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனா கைமாறிக்கொண்டே போனது.

மூன்று வாரம் கழித்து, ஊர் திரும்புமுன் விடைபெறப் போனேன். வேலிக்கதவு திறந்திருந்தது. கிளோரியா தோட்டத்தின் வழியே என்னோடு பேருந்துவரை நடந்து வந்தார். அப்பாவால் வாங்க முடியாத வீடு வந்துவிடவில்லைதான். ஆனாலும் அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது; எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எங்கள் மதுரைக்காரர். ஊர்க்காரர் என்றால் எந்தத் தெரு என்று கேட்டு ஆளை எடைபோடுவது எங்கள் பழக்கம், எனக்கும் உண்டு. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, பொங்கலுக்கு எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.