நில்லு என்று சொன்ன அக்கா

என் தொழில் கூட்டாளி செல்லத்தாய் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கோவில்பட்டியில் ஒரு வீட்டின் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். தலை மாடுலர் கிச்சனின் அலமாரிப் பெட்டிக்கு அடியில், கை அந்தப் பெட்டியின் திருகுகாலில். புதூர்ப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த அக்கா மறுநாள் வந்துவிடுவார், அதற்குள் சில்லறை வேலைகளை முடித்து வைப்போம் என்று நினைத்திருந்தேன். போன் அடித்தது. அக்காவின் நம்பர். என்னக்கா, கிளம்பியாச்சா என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். பேசியது தம்பி. "காலையில நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வெகுநேரம் என் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பயந்துபோய்க் குனிந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

கோவில்பட்டியிலும் பசுவந்தனையிலும் புதூர்ச் சுற்றுவட்டாரத்திலும் நாங்கள் இருவரும் மாடுலர் கிச்சன் மாட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மழை விழுந்ததிலிருந்து அக்காவின் நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கிச்சன் கதவு இடிக்கிறது, அக்கா எப்போது வருவார்கள் என்று கேட்கிறீர்கள். தம்பி பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் வாயைத் திறந்து சொல்ல எனக்கும் தெம்பில்லை.

நாங்கள் இருவரும் முதலில் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் வேலை பார்த்தோம். நான் தச்சு ஆசாரி. அக்கா அதற்கு முன்பு தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர். பெட்டிகள் மாட்டி முடித்ததும் மரத்தூளைக் கூட்டி, கதவுகளைத் துடைத்துக் கொடுப்பதுதான் கடையில் அவருக்கு வேலை. ஒரு நாள் என்னுடன் வர வேண்டிய ஆள் வரவில்லை. தரையோ ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பெட்டியின் ஒவ்வொரு காலையும் திருகி உயர்த்தித் தாழ்த்தித்தான் மட்டத்துக்குக் கொண்டுவர முடியும். அடியில் படுத்துத் திருகுகிறவனுக்கு பெட்டிக்கு மேலே வைத்திருக்கும், குமிழியால் மட்டம் காட்டும் ரசமட்டம் தெரியாது. மேலே நிற்கும் ஒருவர் குமிழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா வந்து நின்றார். குமிழி நடுவுக்கு வந்ததும், "நில்லுலே" என்றார். தேர்ந்த ஆள் சொல்வதைப் போல இருந்தது. பிறகு நாங்கள் தனியாகத் தொழில் செய்தபோதும் அவர் மேலேதான், நான் கீழேதான். அதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை. என் முகத்தைவிட என் பாதத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பதாகச் சொல்வார்.

ரசமட்டம் காட்டுவதை மட்டும் நம்ப மாட்டார். ஒரு வீட்டில் எல்லாம் சரியாக அமைந்து, நான் சாமான்களைப் பைக்குள் போட்டுவிட்டேன். அக்கா அந்த வீட்டம்மாவிடம் தோசைக்கல்லை வாங்கி அடுப்பில் வைத்து, நடுவில் கொஞ்சம் எண்ணெய் விட்டார். எண்ணெய் மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அடுப்பின் ஒரு கால் குட்டை. "குமிழி நமக்குத்தாம்லே. இவிய நாளைக்கு ஒரு பக்கம் தடிச்ச தோசையத்தான் திங்கணும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வேலை தோசைக்கல்லில் எண்ணெய் நடுவில் நின்றால்தான் முடியும். முதல் தோசை அக்காவுக்கு. கேட்டே வாங்கிச் சாப்பிடுவார், வெட்கமே கிடையாது.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரர். புதூர் அருகே ஆடு வளர்க்கும் குடும்பம் ஒன்று சித்திரையில் புதுவீடு பால்காய்ச்சியது. மகன் வெளிநாட்டிலிருந்து ஆசைப்பட்டு அனுப்பிய கிச்சன். சுவர் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடலாம் என்றேன். இடைவெளி விட்டால் கரப்பான் குடியேறும் என்று அக்கா ஒரே பிடி. பெட்டிகளைச் சுவரோடு சுவராக நெருக்கி, கால்களை மறைக்கும் அடிப்பலகையைப் பசை போட்டு ஒட்டிவிட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. கரிசல் மண்ணைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். ஐப்பசி மழையில் அந்த வீட்டுத் தரை நடுவில் எழும்பிவிட்டது. டிராயர்கள் தாமாகவே வெளியே வந்து நின்றன, அடிப்பலகை பிளந்துவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "தரை மூச்சு விடுது. நாம அதோட வாயக் கட்டிட்டோம்லே" என்றார். தப்பு தன்னுடையது என்று அந்த வீட்டம்மாவிடம் அவரே சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் மாட்டிய எல்லாக் கிச்சன்களிலும் ஓரத்தில் ஒரு விரல் இடம் இருக்கும், அடிப்பலகையைக் கையாலேயே கழற்றலாம். மழை ஓய்ந்ததும் வீடு வீடாகப் போய்க் கால்களைத் திருகிச் சரிசெய்யும் வழக்கமும் அப்படித்தான் வந்தது.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவின் கணவர் வேலை தேடிப் போன இடத்திலேயே தங்கிவிட்டார். அக்கா கோவில்பட்டியில் ஒற்றை அறையில் இருந்தார். எனக்கும் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வேலை நேரத்தில் பேசித் தீர்ப்போம், இதைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். ஒரு தீபாவளியன்று காலையில் போன் செய்து, தன் அடுப்பு மேடை சாய்ந்துவிட்டது, உடனே வா என்றார். நல்ல நாளும் அதுவுமாக இவர் படுத்தும் பாடு என்று முணுமுணுத்துக்கொண்டு ரசமட்டத்துடன் போனேன். வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. எங்கேக்கா சாய்ந்திருக்கிறது என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு இலை போட்டிருந்தார். "மட்டம் பாத்தாச்சுல்லா. உக்காந்து சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு எந்த தீபாவளிக்கும் அவருடைய மேடை சாயாமல் இருந்ததில்லை.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், என்னால் முடியவில்லை. வீடுகளுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போன வாரம் பசுவந்தனையிலிருந்து ஆவுடையம்மாள் என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அக்கா இல்லை என்று சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு, "நீங்களாவது வாங்க அண்ணாச்சி" என்றார்.

போனேன். அடிப்பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டுக் காலைத் திருகினேன். திருகிக்கொண்டே இருந்தேன். யாரும் நில்லு என்று சொல்லவில்லை. தேவைக்கு மேல் போய்விட்டது என்று கைக்குத் தெரிந்தது, ஆனாலும் காது காத்திருந்தது. எழுந்து வந்து குமிழியைப் பார்த்தேன், மறுபடி படுத்தேன், மறுபடி எழுந்தேன். அக்கா இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, மத்தியானம் வரை இழுத்தது. கடைசியில் ஆவுடையம்மாள் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டார். நடுவில் நின்றது. முதல் தோசையை ஒரு தட்டில் எடுத்து மேடையின் ஓரத்தில் வைத்தார், அக்கா நிற்கும் இடத்தில். அதை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு இரண்டாவது தோசையைத் தந்தார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.

அக்காவின் ரசமட்டத்தை அவருடைய தம்பி என்னிடம் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ஆனாலும் பையில் இரண்டையும் வைத்திருக்கிறேன். அவருடைய இன்னொரு வழக்கத்தையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். மழை முழுதாக வெறித்து வானம் தெளிந்ததும் எல்லோர் வீட்டுக்கும் வருவேன். ஒருத்தனாக வருவதால் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தரை அசையாத வீட்டில் தனியாக இருப்பவர்களும், அக்காவைப் போல, கதவு இடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கூப்பிடுங்கள். வந்து மட்டம் பார்ப்பேன். எங்கே இடிக்கிறது என்று கேட்க மாட்டேன்.